ஆர்க்கிட்டுக்கு முன்னால் மரம்

சித்திரபுரம், பள்ளிவாசல் பக்கம் காட்டு ஆர்க்கிட்டுக்கு ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் செடியைத் தேடுகிறார்கள். நான் மரத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். ஆர்க்கிட் விதை வெறும் தூசி; முளைக்க வேண்டிய உணவு அதற்குள் இல்லை. இயற்கையில் ஒருவகைப் பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் அது முளைக்கும் என்று 1899இல் பிரெஞ்சு ஆய்வாளர் நோயெல் பெர்னார் கண்டறிந்தார். ஒரு காயில் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் லட்சக்கணக்கில் விதை இருந்தும் முளைப்பவை மிகச் சிலவே. அப்படியானால் நாம் பேண வேண்டியது அந்தப் பூஞ்சை தங்கும் பட்டையைத்தான். பலா, மா போன்ற சொரசொரப்பான முதிய மரங்களில் பாசி ஈரத்தைப் பிடித்து வைக்கும். நரிவால் ஆர்க்கிட் ஒட்டுவதற்கு ஏற்ற இடம் அது. யூகலிப்டஸில் ஒட்டினாலும் உரியும் பட்டையோடு கீழே விழும். பாசியைச் சுரண்டி மரத்தைச் 'சுத்தம்' செய்யும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். ஏலத்தோட்டத்தில் மழைக்கு முன் நிழல் கவாத்து செய்யும்போதும் பாசி பிடித்த தடித்த கிளைகளைத் தொட வேண்டாம். அழுகல் நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவை இன்னொரு சிக்கல். துரிசும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்த மருந்துக்கு நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்ற பேதம் கிடையாது. ஏலத்துக்கு அடித்தே தீர வேண்டுமென்றால், தெளிப்பு இந்த மரங்கள் மேல் படாமலாவது பார்த்துக்கொள்ளலாம்.

ஆர்க்கிட் மரத்தை உறிஞ்சிவிடும் என்று பயந்து பிடுங்கிப் போடுகிறவர்கள் உண்டு. உறிஞ்சுவது புல்லுருவி, ஆர்க்கிட்டுக்கு மரம் நிற்க இடம் மட்டுமே. 'விதை தானாக வந்து முளைக்க வருஷக்கணக்கில் காத்திருப்பதா, காட்டில் ஒரு கொத்து எடுத்தால் என்ன' என்பதுதான் கொஞ்சம் வலுவான கேள்வி. காப்புக்காட்டில் செடி எடுப்பது குற்றம் என்பது ஒருபுறம். நம் தோட்டத்துக்குக் காற்றில் விதை அனுப்பக்கூடியது அந்தத் தாய்ச்செடிதான். அதைப் பெயர்த்தால் வேரும் அறுபடும், விதை வரத்தும் நின்றுபோகும். சொந்த வளவில் முறிந்த கிளையோடு விழுந்த செடி வேறு விஷயம். ஜூன் மழை தொடங்கியதும் அதைக் கயிற்றுநாரால் பட்டையோடு இறுக்கிக் கட்டலாம். கம்பி வேண்டாம், உரமும் வேண்டாம். அவசரப்படுகிறவர்கள் நர்சரியில் வளர்த்த நாட்டு இனங்களைக் கேட்டு வாங்கலாம். பூஞ்சை இல்லாமலே சர்க்கரைக் கூழில் விதையை முளைக்க வைக்க முடியும் என்று 1922இலேயே லூயிஸ் நட்சன் காட்டிவிட்டார். ஆகவே காட்டைத் தொடாமலே கன்று கிடைக்க வழியுண்டு. பூத்த தண்டை மட்டும் ஜாடிக்காக வெட்டாதீர்கள்; காய் முற்றி வெடிக்கும்வரை மரத்திலேயே இருக்கட்டும்.