அம்மா தலையில் தட்டிய மேக்பை

போன செப்டம்பரில் அம்மா கும்பகோணத்திலிருந்து பிரிஸ்பேன் வந்த மூன்றாம் நாள். வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் நடந்துகொண்டிருந்தோம். பின்னாலிருந்து விர்ரென்று ஒரு காற்று, காதருகே ‘டக்’ என்று அலகு மூடும் சத்தம். அம்மாவின் கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. “காக்கா தலையில தட்டிடுச்சுடா. சனிக்கிழமை எள் விளக்கு போடணும்” என்றாள். அது காக்கையே இல்லை என்று நம்ப வைக்க எனக்கு அரை நாள் ஆனது.

அது மேக்பை. ஊர்க் காக்கை அளவு, கறுப்பும் வெள்ளையும். குடியேற வந்த ஐரோப்பியர்கள் தங்கள் ஊர்ப் பறவையின் ஜாடை கண்டு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். உண்மையில் இது காக்கைக் குடும்பமே அல்ல. விடியற்காலையில் இது பாடுவதைக் கேட்டவர்கள் அந்தச் சந்தேகத்துக்கே போக மாட்டார்கள்.

சனி பகவானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றால், நம் ஊர்க் காக்கை தட்டுவதற்கும் இல்லை. அதுவும் பெரும்பாலும் கூடு வைத்திருக்கும் காலத்தில்தான் தட்டும். தலையில் அடி வாங்கியவர் வீட்டுக்கு ஓடிக் குளிக்கிறாரே தவிர, அண்ணாந்து மரத்தைப் பார்ப்பதில்லை. பார்த்தால் சுள்ளிக்கூடு தெரியும்.

ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வந்த நம்மவர்கள் சொல்லும் இன்னொன்று: “இந்த ஊர் மேக்பை எல்லாமே கொத்தும்.” கிரிஃபித் பல்கலைக்கழகத்தின் டேரில் ஜோன்ஸ் இந்தத் தாக்குதல்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். தாக்குவது அநேகமாக எல்லாமே ஆண் பறவைகள். அந்த ஆண்களிலும் சுமார் 10 சதவீதம்தான் இப்படி. பெண் அடைகாக்கும்போது ஆண் காவல் நிற்கிறது. கூட்டிலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர்தான் அதன் காவல் எல்லை. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை உச்சம். ஒரு கூட்டைப் பொறுத்தவரை, குஞ்சு பறக்கும் வரையிலான ஆறு வாரம் போல.

“ஒரு கல்லை விட்டால் அடங்கும்” என்பார் ஒரு நண்பர். எனக்குத் தெரிந்து இதைவிட மோசமான யோசனை கிடையாது. மேக்பைக்கு மனித முகம் நினைவிருக்கும். 20 வருடம்கூட வாழும். ஆண்டுதோறும் அதே எல்லைக்குள் வாழும். கல் விட்டவர் வீடு மாற்றினால்தான் உண்டு. சில பறவைகள் குறிப்பிட்ட ஒரு சிலரை மட்டும் துரத்தும், மற்றவரைக் கண்டுகொள்ளாது. தினமும் அதே நேரத்துக்கு மோட்டார் சைக்கிளில் வந்து போகும் தபால்காரர், அதன் கணக்கில் தினமும் கூட்டை உளவு பார்க்க வரும் ஆள்.

சைக்கிள்காரர்கள் ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் பட்டைகளைச் செருகி முள்ளம்பன்றி போலப் போவதை இங்கே வசந்தகாலம் முழுக்கப் பார்க்கலாம். பறவை அதைப் பெரிதாக மதிப்பதாகத் தெரியவில்லை. இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். நடப்பவர் குடை பிடிக்கலாம். பறவையைப் பார்த்தபடியே போகலாம். பின்பக்கமாக வருவதுதான் அதற்குப் பழக்கம். ஓடக் கூடாது. 2019இல் உல்லங்காங் அருகே 76 வயதுச் சைக்கிள்காரர் ஒருவர் மேக்பைக்கு ஒதுங்கப் போய், தடம் விலகி விழுந்து இறந்தார். 2021இல் பிரிஸ்பேன் பூங்கா ஒன்றில், கைக்குழந்தையோடு பறவையிடமிருந்து விலகப் போன தாய் இடறி விழ, குழந்தை இறந்தது. இரண்டிலும் உயிரைப் பறித்தது அலகு அல்ல, விழுந்த வேகம். கண்ணில் அடிபடுவதும் நிஜமான ஆபத்துதான். கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

‘கொலைகாரப் பறவை’ என்ற பட்டம் வடக்கு குயின்ஸ்லாந்து மழைக்காட்டில் வாழும் காசோவரிக்கு. ஆள் உயரம், உள்விரலில் குத்துவாள் போல 12 சென்டிமீட்டர் நகம். பட்டம் பொருந்துவது போலத்தான் இருக்கும். ஆனால் ஆஸ்திரேலியாவில் இது மனிதரைக் கொன்றதாகப் பதிவு ஒன்றே ஒன்று: 1926இல், 16 வயதுப் பையன். அவனும் தம்பியும் அதை அடித்துக் கொல்லத் தடியோடு போயிருந்தார்கள். 1999இல் வெளியான கிறிஸ்டோஃபர் கோஃப்ரானின் ஆய்வு, மனிதர் மீதான 150 தாக்குதல்களைப் பார்த்தது. முக்கால்வாசி, முன்பே மனிதர் கையால் தின்று பழகிய பறவைகள் செய்தவை. பழம் கொடுத்துப் பழக்கிவிட்டால், அடுத்து வருபவரிடமும் பறவை உரிமையோடு கேட்கும், கொடுக்காவிட்டால் உதைக்கும். காக்கைக்குச் சோறு வைத்து வளர்ந்த நமக்கு இதை ஏற்பது கொஞ்சம் கஷ்டம். “வாயில்லா ஜீவனுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தா பாவமா?” என்று அம்மாவே கேட்டாள். பாவமோ இல்லையோ, குயின்ஸ்லாந்தில் அபராதம் உண்டு. சாப்பாட்டைத் தேடிச் சாலையோரம் வரும் காசோவரி கார் மோதிச் சாகிறது. அங்கே அவை சாவதற்கு வாகனமும் நாயும் முக்கியக் காரணங்கள்.

எதிரே வந்துவிட்டால்? முதுகைக் காட்டி ஓடாமல், பையை முன்னால் பிடித்தபடி மெல்லப் பின்வாங்கி, ஒரு மரத்தின் பின்னால் போய்விட வேண்டும்.

இவ்வளவையும் அம்மாவுக்குப் பொறுமையாகச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். சனிக்கிழமை இந்தியக் கடை நல்லெண்ணெயில் எள் விளக்கு ஏற்றினாள். ஞாயிற்றுக்கிழமை முதல் பூங்காவை விட்டுச் சுற்றுவழியில் நடக்க ஆரம்பித்தாள், கையில் குடையோடு.