மனக் கவலையையும் அளந்து பார்க்கலாம்
(இருதய நோய் உள்ளவருக்கும், அவர் வாழ்க்கைத் துணைக்கும்)



மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் போயிருப்பீர்கள். மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தே அதன் வயதைத் தரகர் சொல்லிவிடுவார். காய்ச்சலை அளக்கத் தெர்மாமீட்டர் இருக்கிறது. இரத்தக் கொதிப்பைப் பார்க்கக் கையில் பட்டை சுற்றுகிறார்கள். இருதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். ஆனால் மாரடைப்பு வந்து பிழைத்தவரின் மனதில் உட்கார்ந்திருக்கும் பயத்தையும் சோர்வையும் எதைக் கொண்டு அளப்பது?

அதற்கும் வழி இருக்கிறது. ஊசி வேண்டாம், இரத்தம் எடுக்க வேண்டாம். சில கேள்விகள் போதும்.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்

ஐம்பது வயது விவசாயி ஒருவர். திருச்சி ஆஸ்பத்திரியில் மாரடைப்புக்கு வைத்தியம் முடிந்து வீடு திரும்பி இரண்டு மாதமாகிறது. டாக்டர் நடக்கச் சொன்னார். இவர் கட்டிலை விட்டு எழுந்திருப்பதில்லை. கிணற்றுப் பக்கம் போவதில்லை. பேரப் பிள்ளை வந்து மடியில் ஏறினாலும் சிரிப்பதில்லை.

“என்னங்க, மாத்திரை போட்டீங்களா?” என்று மனைவி கேட்டால், “போட்டு என்ன ஆகப் போகுது? விடு புள்ள” என்கிறார்.

அக்கம்பக்கத்தார், “பெரிய கண்டத்துலேருந்து பிழைச்சு வந்தவரு, அப்படித்தான் இருப்பாரு” என்கிறார்கள். இங்கேதான் தவறு நேருகிறது. ‘அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிட்டால் நோய் இரண்டாகிறது.

ஏன் அளக்க வேண்டும்?

மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான மனச்சோர்வு வருகிறது. கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரில் 222 நோயாளிகளை ஆறு மாதம் கவனித்து, 1993-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனச்சோர்வு இருந்தவர்களில் இறப்பு பல மடங்கு அதிகமாக இருந்தது. இந்தியா உட்பட 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, மாரடைப்புக்கான காரணங்களில் புகை, கொதிப்பு, சர்க்கரையோடு மன அழுத்தத்தையும் சேர்த்தது.

காரணம் என்ன? மனம் சோர்ந்தவர் மாத்திரையை விட்டுவிடுகிறார். நடக்க மாட்டார். விட்ட பீடியை மறுபடி எடுப்பார். போதாக்குறைக்கு, ஓயாத கவலையினால் உடம்பில் சுரக்கும் நீர்கள் நாடித் துடிப்பையும் கொதிப்பையும் ஏற்றுகின்றன. இரத்தம் உறையும் தன்மையையும் கூட்டுகின்றன.

முதலில் இரண்டு கேள்வி

கடந்த இரண்டு வாரத்தை மட்டும் நினைத்துப் பதில் சொல்ல வேண்டும்.

1. எந்த வேலையிலும் நாட்டமில்லாமல், சந்தோஷமில்லாமல் இருந்ததா?
2. மனசு இடிந்துபோய், நம்பிக்கை இல்லாமல் இருந்ததா?

ஒருநாளும் இல்லை என்றால் 0. சில நாட்கள் என்றால் 1. பாதி நாட்களுக்கு மேல் என்றால் 2. அநேகமாகத் தினமும் என்றால் 3. இரண்டையும் கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மீதி ஏழு கேள்விகளையும் கேட்க வேண்டும்.

3. தூக்கம் வராமலோ, அளவுக்கு மீறித் தூங்கியோ தொல்லைப்பட்டீர்களா?
4. அசதியாக, தெம்பில்லாமல் இருந்ததா?
5. பசியில்லாமலோ, மிதமிஞ்சிச் சாப்பிட்டோ இருந்தீர்களா?
6. ‘நான் எதற்கும் உதவாதவன், குடும்பத்துக்குப் பாரம்’ என்று தோன்றியதா?
7. ஒன்றில் மனதை நிறுத்த முடியாமல் போனதா?
8. மற்றவர் கவனிக்கும் அளவுக்குப் பேச்சும் நடையும் மந்தமானதா? அல்லது இருப்புக் கொள்ளாமல் அலைந்தீர்களா?
9. செத்துப் போனால் நல்லது என்றோ, உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா?

மொத்தம் 27. நாம் சொன்ன விவசாயியின் பதில்கள் 2, 1, 3, 2, 1, 2, 0, 1, 0 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 12. நாலு வரை பயமில்லை. 5 முதல் 9 வரை லேசான சோர்வு. சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரிடம் போகவேண்டும். 20 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமை.

ஆகவே அந்த விவசாயி டாக்டரைப் பார்க்க வேண்டியவர்.

ஒன்பதாவது கேள்விக்கு ‘இல்லை’ தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் கூட்டுத்தொகையைப் பார்க்காதீர்கள். அன்றைக்கே உதவி தேடுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சி மருந்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள்.

ஒரு சிக்கல்

“அசதியும் தூக்கமின்மையும் இருதய நோயாலேயே வருமே?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சில மாத்திரைகளாலும் அசதி வரலாம். இதற்காகவே ஆஸ்பத்திரிகளில் வேறொரு கேள்வித்தாளும் உண்டு. 1983-ல் வந்த அதில் 14 கேள்விகள். ஏழு பதற்றத்துக்கு, ஏழு சோர்வுக்கு. உடம்பின் அசதியையும் பசியையும் விட்டுவிட்டு, மனதை மட்டும் கேட்பதாக அதை அமைத்தார்கள்.

எந்தத் தாளானாலும் அது சல்லடைதான். மதிப்பெண்ணை வைத்து நோயை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். நீங்களாக மாத்திரை வாங்கவும் கூடாது, இருக்கிற இருதய மாத்திரையை நிறுத்தவும் கூடாது. நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால், ‘இது மனப் பயம்தான்’ என்று வீட்டிலேயே தீர்மானிக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

கேட்கும் முறை

எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டிக் கேட்கலாம். நாலு பேர் நடுவில் கேட்கக் கூடாது. மாமியார், மருமகள், பிள்ளைகள் இல்லாத நேரத்தில் கேளுங்கள். “அதெல்லாம் ஒண்ணுமில்லே” என்பதுதான் முதல் பதிலாக வரும். அவசரப்படாமல் இன்னொரு தரம் கேளுங்கள். நோயாளி பெண்ணாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. ‘மேலு வலிக்குது, நெஞ்சு படபடங்குது’ என்று உடம்பைச் சொல்லி மனதை மறைப்பார்.

கணவன் மனைவிக்குள் ஒரு பேச்சு

வெளியே சொல்ல முடியாத ஒரு கவலையும் உண்டு. “மறுபடி சேர்ந்து வாழ்ந்தால் நெஞ்சு தாங்குமா?” என்று இருவருமே பயந்து, ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் விலகிப் படுக்கிறார்கள். ‘என்னை வெறுத்துவிட்டார்’ என்று மற்றவர் நினைக்கிறார். நோயின் நிலை சீராகி, நெஞ்சு வலியோ மூச்சு வாங்குதலோ இல்லாமல் வேகமாக நடக்கவும் இரண்டு மாடிப் படி ஏறவும் முடிந்தவருக்குத் தாம்பத்திய உறவால் பெரும்பாலும் ஆபத்தில்லை. எப்போது தொடங்கலாம் என்று டாக்டரிடம் இருவருமாகக் கேளுங்கள்; வெட்கம் வேண்டாம். ஒன்று மட்டும் முக்கியம்: நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர், ஆண்மைக்கென்று விற்கும் மாத்திரைகளைத் தொடவே கூடாது. கொதிப்பு திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

துணையையும் அளந்து பாருங்கள். ராத்திரி முழுக்க, ‘மூச்சு வருதா’ என்று கணவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டு தூங்காமலிருக்கும் மனைவிக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும்.

வைத்தியம் உண்டா?

உண்டு. ஆலோசனைப் பேச்சு, டாக்டர் சொன்ன அளவு நடை, தேவையானால் மாத்திரை. இருதய நோயாளிக்குப் பாதுகாப்பான மனச்சோர்வு மாத்திரைகள் இருக்கின்றன என்பது 2002-ல் வந்த ஆய்வில் தெரிந்தது. இந்த வைத்தியத்தால் மனம் தேறுகிறது. ஆனால் அது ஒன்றே அடுத்த மாரடைப்பைத் தடுத்துவிடும் என்று நிரூபணமாகவில்லை. ஆகவே இருதய வைத்தியமும் மன வைத்தியமும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

எங்கே போவது?

மனநல வைத்தியம் என்றால் எங்கோ தூரத்தில் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் 1997-ல் முதலில் தொடங்கியதே நம் திருச்சி மாவட்டத்தில்தான். மணப்பாறை, வையம்பட்டி, மருங்காபுரி வட்டாரத்தார் தங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மணப்பாறை அரசு ஆஸ்பத்திரியிலோ கேட்கலாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் கொதிப்பு, சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் ஊழியரிடமும் சொல்லலாம். 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும், விளக்கை அணைக்கும் முன், முதல் இரண்டு கேள்விகளை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள்.

இருதயத்துக்கு மாத்திரை, மனதுக்கு ஒரு வார்த்தை!
இரண்டும் இருந்தால் இல்லம் நலம்!