இடியும் கட்டடமும் இடியாத உரிமையும்

புனேயை அடுத்த சாங்வி, பவனா ஆற்றங்கரையில் சிற்றூராக இருந்து நகரமாக வளர்ந்த பகுதியாகும். இன்று அது பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியின் எல்லைக்குள் அமைந்துள்ளது. அங்கு ஒரு கட்டடம் இடிந்து விழும் நிலையில் இருப்பின், அதனைச் செப்பனிடவோ அகற்றவோ அறிவிப்பு அளிக்கும் அதிகாரம் ஆணையருக்கு உண்டு. 1949ஆம் ஆண்டின் மகாராஷ்டிர மாநகராட்சிகள் சட்டம், 264ஆம் பிரிவு, இதற்கு வகை செய்கிறது. உயிர்களைக் காக்கும் இவ்வதிகாரம் தேவையானதே. ஆனால், கட்டடம் மறைந்தபின் அதில் வாடகைக்கு வாழ்ந்தோரின் உரிமை என்னாகும் என்பதே ஆராயத்தக்க வினாவாகும்.

சட்டத்தின் நிலை

மாநகராட்சியால் இடிக்கப்பட்ட கட்டடம் குறித்து மகாராஷ்டிரத்தில் எழுந்த ஷா ரதன்சி கீம்ஜி வழக்கில், 2014இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை பகர்ந்தது. கட்டடம் அழிந்ததனால் மட்டும் குத்தகை உரிமை அழிவதில்லை. அது நிலத்தையும் பற்றி நிற்பது என்பதே அத்தீர்ப்பின் சாரமாகும்.

எனினும், பொதுக் குடியிருப்புகளில் வாழ்வோரின் நிலை சற்று வேறானது. 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அரசுக்கோ உள்ளாட்சி அமைப்புக்கோ சொந்தமான கட்டடங்களுக்குப் பொருந்தாது. எனவே, தனியார் வீட்டுக் குடியிருப்போருக்கு அச்சட்டம் தரும் பாதுகாப்பை, இவர்கள் மறுகட்டுமானத் திட்டத்தின் விதிகளிலும் எழுத்து மூலமான ஒப்பந்தத்திலும்தான் தேட வேண்டியுள்ளது. 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், அகற்றப்படுவோருக்கு முன்னறிவிப்பும் தம் கருத்தைக் கூற வாய்ப்பும் அளிக்கும் நெறியை உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

இரு நகரங்களின் பாடம்

பம்பாயில் 1920களில் தொழிலாளர்க்காக எழுப்பப்பட்டவை பி.டி.டி. சால் கட்டடங்கள். ஒரு குடும்பத்திற்கு 160 சதுர அடி அறை, கழிப்பறை பொதுவானது. வாடகைக்கு இருந்த தகுதியுள்ள குடும்பங்களுக்கு, 500 சதுர அடி வீட்டைக் கட்டணமின்றிச் சொந்தமாக வழங்கும் திட்டத்தை, வீட்டு வசதி வாரியமான 'மாடா' நிறைவேற்றி வருகிறது. 2017இல் அடிக்கல் நாட்டப்பட்டது. வொர்லியில் 556 குடும்பங்களுக்கு முதற்கட்ட வீடுகள் 2025 ஆகஸ்டில்தான் வழங்கப்பட்டன. பயன் பெரிதே ஆயினும், இடைப்பட்ட எட்டு ஆண்டுகளும் திட்டமிடுவோர் கருத வேண்டிய செலவேயாகும்.

தாமதத்தின் மறுபக்கத்தைச் சென்னை காட்டுகிறது. திருவொற்றியூரில் 1990களில் கட்டப்பட்ட வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி, 2021 டிசம்பர் 27 அன்று இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசல் கண்டு மக்கள் முன்னதாகவே வெளியேறியமையால் உயிர்ச்சேதம் நேரவில்லை. ஆகவே, இடிப்பதை எதிர்ப்பது மட்டுமே உரிமைக்கு அரணாகாது. இடிந்து விழும் வீட்டில் எவருக்கும் பாதுகாப்பில்லை.

செய்ய வேண்டுவன

குடியிருப்போர் வெளியேறத் தயங்குவது பெரும்பாலும் பழைய சுவர்மீதுள்ள பற்றினால் அன்று. திரும்ப இயலாதோ என்னும் அச்சத்தினாலேயே. அவ்வச்சத்தைப் போக்க மூன்று நடவடிக்கைகள் இன்றியமையாதவை. முதலாவது, இடிக்குமுன் ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும் அறையின் பரப்பையும் பதிவு செய்து, சான்றிதழ் வழங்குதல். இரண்டாவது, பணி முடியும்வரை அருகிலேயே மாற்றிடம் அல்லது அதற்கான வாடகை அளித்தல். மூன்றாவது, புதிய வீட்டின் பரப்பையும் திரும்பும் காலத்தையும் ஒப்பந்தத்தில் குறித்தல்.

பிறர் வீட்டில் உள்வாடகைக்கு இருப்போரும், குடும்பத் தலைவர் இறந்தபின் பெயர் மாற்றாத விதவைகளும் பட்டியலில் விடுபடுவது எளிது. கணக்கெடுக்கும் அலுவலர் இவர்களைத் தேடிச் சென்று அவர்தம் நிலையைப் பதிவு செய்தல் வேண்டும். இடிப்பு ஆணையில் கையொப்பமிடுமுன் இப்பட்டியல் நிறைவுற்றதா என ஆராய்வதே நல்ல நிருவாகத்தின் கடமையாகும்.