பொடியன் என்றால் பாதிச் சம்பளமா?

சென்ற மாதம் ஞாயிறு பூசை முடிந்தபின், பாண்டிருப்பிலிருந்து வந்திருந்த ஒரு தாய் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மூத்த மகனுக்கு வயது பதினேழு. சாதாரண தரப் பரீட்சை எழுதியபின் கல்முனைப் பட்டினத்தில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. காலையில் கடை திறக்கும்போது நிற்கிறான், சாமான் அடுக்குகிறான், நிறுத்துக் கொடுக்கிறான், பூட்டும்வரை நிற்கிறான். பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்பவருக்கு வயது முப்பது. மாத முடிவில் அவருக்குக் கிடைப்பதில் பாதிதான் மகனுக்குக் கிடைக்கிறது. முதலாளியிடம் கேட்டதற்கு, "பொடியன்தானே, இப்ப பழகட்டும், பிறகு பாப்பம்" என்றாராம்.

"இது சரியா சுவாமி? திருப்பிக் கேட்டா வேலையால நிப்பாட்டிருவாரோ எண்டு பயமாக் கிடக்கு" என்றார் அந்தத் தாய்.

முதலாளி எந்தச் சமயத்தவர் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை. நம்மவர் நடத்தும் கடைகளிலும் கராஜுகளிலும் இதே கணக்குத்தான் நடக்கிறது. ஆகவே இக்கேள்வி அந்த முதலாளியை மட்டுமன்றி நம் எல்லாரையும் நோக்கிய கேள்வி. இளந் தொழிலாளிக்கும் வளர்ந்தவருக்குரிய அதே குறைந்தபட்சச் சம்பளம் கொடுக்கப்பட வேண்டுமா? இதைச் சற்று ஆற அமர ஆராய்வோம்.

சட்டம் சொல்வது

நம் நாட்டில் 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் தொழிலுக்குத் தொழில் குறைந்தபட்சச் சம்பளத்தை வகுத்து வந்தது. எந்தத் தொழிலானாலும் இதற்குக் கீழே போகலாகாது என்ற பொதுவான எல்லையை 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் கொண்டுவந்தது. அன்று மாதத்துக்கு 10,000 ரூபாவும் நாளுக்கு 400 ரூபாவும் என விதிக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டின் திருத்தம், அவ்வாண்டு ஏப்ரல் முதல் மாதம் 27,000 ரூபா, நாள் 1,080 ரூபா என்றும், 2026 ஜனவரி முதல் மாதம் 30,000 ரூபா, நாள் 1,200 ரூபா என்றும் உயர்த்தியது. இச்சட்டத்தில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கென ஒரு தனிக் குறைந்த தொகை கிடையாது.

பதினாறு வயது நிரம்பாத பிள்ளையைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. 2021இல் வேலைக்கு அமர்த்தும் வயது 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. அப்பிள்ளைக்கு உரிய இடம் பள்ளிக்கூடம். "எவ்வளவு கொடுப்பது?" என்று கேட்பதே பிழை. பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்டவர் வேலை செய்யலாம். ஆயினும் ஆபத்தான தொழில்கள் என அரசு குறித்துள்ளவற்றில் அவர்களை அமர்த்த முடியாது. ஆகவே நம் கேள்வி பள்ளியை விட்டு வந்த பதினாறு, பதினேழு வயதினரைப் பற்றியது.

பழைய கணக்கு ஒன்று

வயதைப் பார்த்துக் கூலியைக் குறைப்பது நம் நாட்டில் ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. 1927ஆம் ஆண்டில் தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளருக்கெனக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஒன்று வந்தது. அதன்படி 1929இல் மலையகத்தின் உயர்ந்த பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். குறைந்தபட்சக் கூலி என்ற எண்ணமே அன்று பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் அந்த மூன்று எண்களுக்குள் ஒரு கருத்து ஒளிந்திருந்தது: ஆண் குடும்பத்தைத் தாங்குகிறான், பெண் அவனுக்குத் துணை, சிறுவன் வீட்டுக்கு ஒரு சில்லறை.

பெண்ணுக்கு ஏன் குறைவு என்று கேட்டபோது சொல்லப்பட்ட நியாயங்களை நினைத்துப் பாருங்கள். அவளுக்குச் செலவு குறைவு. அவளைக் காப்பாற்ற வேறொருவர் இருக்கிறார். அவள் பலம் குறைந்தவள். கூடையில் விழுந்த கொழுந்தோ ஆண் கொழுந்து, பெண் கொழுந்து என்று பிரிந்து கிடக்கவில்லை. ஆயினும் தோட்டப் பெண்களுக்கு ஆண்களோடு சமமான நாட்சம்பளம் கிடைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று அந்தப் பழைய நியாயத்தை எவரும் வெளிப்படையாகச் சொல்லத் துணியார். ஆனால் அதே மூன்று நியாயங்களையும் பொடியன் விடயத்தில் நாம் கூசாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

முதலாளியின் நியாயம்

மறுபக்கத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். சிறு கடைக்காரர் சொல்வார்: "ஒரே சம்பளம் என்றால் அனுபவமுள்ளவரை எடுப்பேனே தவிர, ஒன்றும் தெரியாத பொடியனை ஏன் எடுப்பேன்? பிறகு அவனுக்கு யார் வேலை பழக்குவது?" இது வெறும் சாட்டு அன்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எத்தனை சிறு கடைகள் ஆட்டங்கண்டன என்பதை நாம் கண்ணாற் கண்டோம்.

நம் உறவினர் பலர் வாழும் பிரித்தானியாவும் இந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டது. அங்கு 1999இல் தேசிய குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தபோதே இளையோருக்குக் குறைந்த விகிதம் வைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் 21 வயதுக்கு மேற்பட்டவருக்கு மணிக்கு 12.21 பவுண், 18 முதல் 20 வரையானோருக்கு 10 பவுண், 16, 17 வயதினருக்கு 7.55 பவுண். ஆனால் அங்கேயே, 18 வயதிலிருந்து எல்லாருக்கும் ஒரே விகிதம் என்ற நிலைக்குப் படிப்படியாகச் செல்ல வேண்டும் என்று 2024இல் அரசாங்கம் தீர்மானித்தது.

நியூசிலாந்து இதை முன்பே செய்து பார்த்தது. 2001இல் 18, 19 வயதினருக்கு வளர்ந்தோருக்குரிய முழுத் தொகையை அளித்தது; 16, 17 வயதினரின் தொகையை வளர்ந்தோர் தொகையில் 60 வீதத்திலிருந்து இரண்டு கட்டமாக 80 வீதத்துக்கு உயர்த்தியது. பின்னர் நடந்த ஆய்வில், அடுத்த இரண்டு ஆண்டுகளில் இளையோர் பெருவாரியாக வேலை இழந்ததற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. ஆனால் படிப்பைத் தொடர்ந்தோர் தொகை சற்றுக் குறைந்ததற்கான அறிகுறி தென்பட்டது. இரண்டும் நமக்குப் பாடம். வேலை பறிபோகும் என்ற பயம் நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிதன்று. ஆனால் கைக்கு வரும் காசைக் கண்டு படிப்பை உதறிவிடும் ஆபத்து உண்டு. அதைத் தடுப்பது பெற்றோரின் கடன். சம்பளத்தைப் பாதியாக்குவது அதற்கு மருந்தன்று.

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். பொடியனைப் பாதி விலைக்கு எடுக்கலாம் என்றால், நாளைக்கு வேலை இழப்பவர் யார்? பக்கத்தில் நிற்கும் முப்பது வயதுக்காரர். மகனின் மலிவு தகப்பனின் வேலைக்கு உலை வைக்கும். ஒரே குறைந்தபட்சம் இருவரையும் காக்கிறது.

தரையும் கூரையும்

குறைந்தபட்சச் சம்பளம் என்பது தரை, கூரை அன்று. எல்லாருக்கும் ஒரே குறைந்தபட்சம் என்பதால் எல்லாருக்கும் ஒரே சம்பளம் என்று ஆகிவிடாது. முப்பது வயதுக்காரரின் அனுபவத்துக்கும் பொறுப்புக்கும் தரைக்கு மேலே எவ்வளவும் கூட்டிக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். வயதைக் காட்டி ஒருவனைத் தரைக்குக் கீழே இறக்குவதே பிழை. துணிக்கணக்கில் கூலி வாங்கும் மருதமுனை நெசவாளியிடம் எத்தனை துணி என்றுதான் கேட்பார்களே தவிர, எத்தனை வயது என்று கேட்பதில்லை. அரிசிக் கடையிலும் பதினேழு வயதுக்காரனுக்கு அரை விலையில் அரிசி நிறுப்பதில்லை.

"பழகட்டும்" என்ற சொல்லையும் சோதித்துப் பார்க்க வேண்டும். தொழில் பழகுவது வேறு. வேலை செய்வது வேறு. ஓடாவியிடமோ மேசனிடமோ கராஜ் பாசிடமோ ஒரு பிள்ளை உண்மையாகவே தொழில் பழகினால், ஆரம்பத்தில் பொருளைக் கெடுப்பான். கற்பிப்பவரின் நேரமும் போகும். அக்காலத்துக்குக் குறைந்த கொடுப்பனவு நியாயமாகலாம். அதற்காகவே பயிலுனர் பயிற்சிக்கு அரசு அதிகார சபை ஒன்று இருக்கிறது; பயிற்சி முடிவில் சான்றிதழும் கிடைக்கிறது. ஆனால் பயிற்சி என்றால் மூன்று அடையாளம் வேண்டும்: கற்பிப்பவர் ஒருவர், முடிவுத் திகதி ஒன்று, முடிவில் கையில் ஒரு தொழில். எட்டு மாதமாகச் சாமான் அடுக்கும் பிள்ளை எதைப் பழகுகிறான்? அடுக்கப் பழக ஒரு கிழமை போதுமே!

திருச்சபையின் குரல்

1891இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தொழிலாளர் பற்றி எழுதிய சுற்றுமடலில் இரண்டு காரியங்களை வற்புறுத்தினார். உடலும் உள்ளமும் முதிராத பிள்ளைகளைத் தொழிற்சாலைக்கு அனுப்பலாகாது. சிக்கனமாக வாழும் தொழிலாளிக்குப் போதாத கூலியை, இரு பகுதியாரும் உடன்பட்டாலும் நீதி என்று சொல்ல முடியாது. ஏனெனில் வேறு வழியின்றி உடன்படுவது சுயாதீனமான உடன்பாடு ஆகாது. பாண்டிருப்புத் தாயின் பயத்தை எண்ணும்போது இந்த இரண்டாவது போதனையின் ஆழம் விளங்குகிறது. 1981இல் திருத்தந்தை 2ஆம் அருளப்பர் சின்னப்பர், ஒரு சமுதாய அமைப்பு நீதியானதா என்று அறிய அங்கே உழைப்பவனுக்குக் கிடைக்கும் கூலியைப் பார்க்க வேண்டும் என்று போதித்தார்.

திராட்சைத் தோட்டத்து உவமையை நாம் அறிவோம். பதினோராம் மணிக்கு வந்தவனுக்கும் முழு நாட்கூலி கிடைத்தது. அது இறைவனின் தாராளத்தைச் சொல்லும் உவமை, கூலிச் சட்டமன்று. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். நம் பொடியன் பதினோராம் மணிக்கு வந்தவன் அல்லன். விடியற்காலை முதல் வெயிலையும் பாரத்தையும் தாங்கி நின்றவன். அவன் கேட்பது தாராளம் அன்று, நீதி. நம் அயலவரான இஸ்லாமியச் சகோதரரும், உழைப்பாளியின் வியர்வை உலருமுன் அவன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிகளாரின் போதனையைப் போற்றுகின்றனர். அந்த வியர்வைக்கு வயது உண்டா?

நாம் செய்ய வேண்டியது

பெற்றோரே, பிள்ளை வேலைக்குச் சேரும்போதே சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி வேலை என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். வேலை செய்த நாட்களை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் செலுத்த வேண்டும். சம்பளம் பாதியானால் அந்தச் சேமிப்பும் பாதிதான் என்பதை மறவாதீர்கள்.

குறை இருந்தால் முதலில் முதலாளியிடம் மரியாதையாகப் பேசுங்கள். தனியே போகப் பயமென்றால் ஊர்ப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். பலன் இல்லையேல் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். அது உங்கள் உரிமை. பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை வேலையில் இருப்பதைக் கண்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

கடை வைத்திருக்கும் நம்மவருக்கு ஒரு சொல். முழுத் தொகை கொடுக்க இயலாத நிலை உண்மையிலேயே இருக்கலாம். அப்படியானால் வேலை நேரத்தைக் குறைத்து, அந்த நேரத்துக்குரிய கூலியை முழுதாகக் கொடுங்கள். மீதி நேரத்தில் பிள்ளை தொழிற்பயிற்சி வகுப்புக்குப் போகட்டும். முழு நாளை வாங்கிக்கொண்டு பாதி நாளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அந்தத் தாய்க்கு நான் சொன்னதும் இதுதான்: "அம்மா, இது சரியில்லை. நீங்கள் பயப்படுவதும் நியாயந்தான். அதனால் தனியே போகவேண்டாம். முதலாளியைப் பார்க்க நானும் வருகிறேன்."

குடும்பத்தில் கலந்துரையாட:

1. நம் வீட்டில், கடையில், வயலில் வேலை செய்யும் இளையவருக்கு நாம் கொடுப்பது எவ்வளவு? அந்தத் தொகையை எதை வைத்துத் தீர்மானித்தோம்?

2. நம் பிள்ளை "பழகுகிறான்" என்று நாம் சொல்லும் இடத்தில், பயிற்சியின் மூன்று அடையாளங்களும் உண்டா?

3. நியாயம் கேட்கப் பயப்படும் ஒரு குடும்பம் நம் அயலில் இருந்தால், அவர்களோடு கூடப் போக நம்மில் யார் ஆயத்தம்?