‘ஆமா’ போட்டவர்

அன்புள்ள தம்பி,

போன மாதம் பாளையங்கோட்டையில் நீ மைக் முன்னால் தனி ஆளாக நின்று ஒரு மணி நேரம் பேசியதைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். தென்காசி பஸ்ஸில் சில்லறைக்காகக் கண்டக்டரும் ஒரு பாட்டியும் போடுகிற சண்டையை நீ சொன்னபோது கண்ணில் நீர் வரச் சிரித்தேன். இடுப்பில் செருகிய சுருக்குப் பையைப் பாட்டி எடுக்கும் விதத்தை நீ கையால் காட்டவில்லை, குரலாலேயே காட்டினாய். அது எல்லாருக்கும் வராது.

பாட்டி பையைத் துழாவுகிற அந்த இடத்தில், மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெரியவர் சத்தமாக “ஆமா” என்றார். நீ பேச்சை நிறுத்தினாய். குறுக்கே பேச வந்தவர் என்று நினைத்துக்கொண்டு, அவர் வேட்டியையும் தோளில் கிடந்த துண்டையும் வைத்து நாலு வார்த்தை சொன்னாய். பிள்ளைகள் சிரித்தார்கள். பத்து நிமிடம் கழித்து அவர் எழுந்து போனார். நானும் பின்னாலேயே போனேன். அவர் வெளியே என்னிடம் சொன்னதைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன், அந்த ‘ஆமா’ எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

என் தாய்மாமா வில்லுப்பாட்டுக் குழுவில் ஆமா போட்டவர். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிச் சுற்றுப்பட்டில் எந்தக் கோயில் கொடை என்றாலும் அவர்கள் குழு போகும். அண்ணாவி நடுவில் உட்கார்ந்து வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்வார். குடம் ஒரு பக்கம், உடுக்கும் தாளமும் கட்டையும் இன்னொரு பக்கம். மாமாவுக்குக் கையில் தாளம், வாயில் ‘ஆமா’. சின்ன வயதில் எனக்கு அது வேலையாகவே தெரியவில்லை. கதையெல்லாம் அண்ணாவி சொல்கிறார், கூலியில் மாமாவுக்கும் பங்கா என்று அம்மாவிடமே கேட்டிருக்கிறேன்.

ஒரு கொடையில் விடிய விடிய முழித்திருந்தபோதுதான் புரிந்தது. நடுராத்திரிப் பூசையான சாமக்கொடைக்கு முன்னால் ஒரு நேரம் உண்டு. ஊர் பாதி மணலில் துண்டை விரித்துத் தூங்கும், பூசைக்கு இன்னும் நாழி இருக்கும், கதையோ முத்துப்பட்டன் பாபநாசம் மலையில் ஏறிக்கொண்டிருக்கும் இடத்தில் நிற்கும். அண்ணாவிக்குத் தொண்டை கட்டியிருக்கும். அப்போது மாமா ஆமாவை மாற்றுவார். அதுவரை “ஆமா” என்று தாங்கியவர், “ஆமாவா?” என்று இழுப்பார். அண்ணாவி திரும்பிப் பார்ப்பார். “மெய்யாத்தானா அண்ணாச்சி?” என்பார் மாமா. தூங்கின ஊர் ஒரு கண்ணைத் திறக்கும். அண்ணாவி கதையை விட்டு இறங்கி மாமாவுக்குப் பதில் சொல்லப் போவார். அங்கே பிறக்கும் சிரிப்பு, ஒருவரும் எழுதி வைக்காத சிரிப்பு. அடுத்த ஊரில் அதே கேள்வியைக் கேட்டால் வராது. அந்த ஊர்க்காரர்கள் எதற்கு முழிப்பார்கள் என்று மாமாவுக்குத் தெரிந்திருந்தது. ஏனென்றால் அவர் வேலையே கேட்பது. அண்ணாவிக்கு முதல் ரசிகர் மேடையிலேயே உட்கார்ந்திருந்தார்.

நம் பக்கத்துச் சிரிப்பு அங்கே பிறந்தது, தம்பி. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இந்த வில்லைக் கேட்டு வளர்ந்தவர். திருநெல்வேலிப் பக்கம் சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகத்தை இருபது வயதிலேயே சென்னைக்கு அழைத்துக்கொண்டு போனவர் அவர்தான். சுப்பு ஆறுமுகம் கலைவாணர் படங்களுக்கு நகைச்சுவைப் பகுதிகள் எழுதினார், பிறகு நாகேஷுக்கும் எழுதினார், கூடவே வில்லை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோனார். 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது, அடுத்த ஆண்டு அக்டோபரில் போய்விட்டார். கொடைக்கு வரமுடியாத வீடுகளில் வில் ஒலித்தது என்றால் அவரால்தான். அவர் நிகழ்ச்சிகளின் பதிவுகள் இருக்கின்றன. கேள். அவரைக் கேட்டது போதும் என்று தோன்றியபிறகு இன்னொரு முறை போட்டு, பின்னால் பாடுகிறவர்களை மட்டும் கேள்.

கலைவாணர் படங்களையும் அப்படிப் பார். கூட நடித்த அவர் மனைவி மதுரம் அம்மாள் அவருக்கு ஆமா போடுவதே இல்லை, எதிர்த்துத்தான் பேசுவார். அதுவும் ஆமாவில் ஒரு வகைதான். அவர் எதிர்க்க எதிர்க்க, இவர் பேச்சுக்குக் கூர் ஏறும். கலைவாணர் 1944 கடைசியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, 1947இல் விடுதலையாகிற வரைக்கும் அவருடைய நாடகக் குழு கலையாமல் நின்றது என்றால், மதுரம் அம்மாளும் எஸ்.வி. சகஸ்ரநாமமும் அதைத் தாங்கியதால்தான்.

இனி வானொலி. இதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை அதிகம். 1963 டிசம்பரில் திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கியபோது எங்கள் ஊரில் ரேடியோ வைத்திருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். மற்றவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ. சாயங்காலம் ஆனால் குழாய் வழியே ஊர் முழுக்கக் கேட்கும். வயலில் இருந்து வந்தவர்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து கேட்பார்கள். கார் சாகுபடிக்கு உரம், பிசானத்துக்கு விதை, பாபநாசம் அணையில் தண்ணீர் மட்டம் என்று நிகழ்ச்சி போகும். அந்தப் பண்ணை நிகழ்ச்சிக்கு எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு குரல் வந்தது. ஏற்ற இறக்கம் இல்லாத, அவசரமே தெரியாத குரல். தென்கச்சி கோ. சுவாமிநாதன். பிற்பாடு சென்னையில் இருந்து ‘இன்று ஒரு தகவல்’ சொல்லித் தமிழ்நாட்டுக்கே காலைப் பொழுதில் பழகியவர், நம் வயல்காரர்களிடம் பேசிப் பேசித்தான் பழகினார்.

அவர் என்ன செய்தார் என்று நீ படிக்க வேண்டும். ஒரு தகவலைச் சொல்வார். பைய நடப்பார். கடைசியில் ஒரு குட்டிக் கதை, அதில் ஒரு சிரிப்பு. சிரிப்பு வரும் இடத்தில் அவர் சிரிக்க மாட்டார், குரலைக்கூட உயர்த்த மாட்டார். எதிரே ஆள் இல்லை, கைதட்டல் இல்லை. ஆனாலும் அந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விடுவார். அந்த இடைவெளியில்தான் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் ஆமா போட்டார். சவரம் செய்துகொண்டிருந்தவர், இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தவர், சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தவர். 2009இல் அவர் இறந்த செய்தி வந்த அன்று, எங்கள் தெரு முக்கில் சலூன் வைத்திருந்தவர் ரேடியோவை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

இன்னொரு பக்கம் கடல் தாண்டி இலங்கை வானொலி. நம் கரையில் அது உள்ளூர் நிலையம் போலவே தெளிவாகக் கேட்டது. எஸ். ராமதாஸ் எழுதி நடித்த ‘கோமாளிகள் கும்மாளம்’ தொடரை நாங்கள் விட்டதே இல்லை. ராமதாஸ் மரிக்காராக முஸ்லிம் தமிழ் பேசுவார், ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழ், செல்வசேகரன் உபாலியாகச் சிங்களவர் பேசும் தமிழ், அப்துல் ஹமீது ஐயராக வருவார். அது பிறகு 1976இல் ‘கோமாளிகள்’ என்று படமாகவே வந்தது. நாலு பேர், நாலு பேச்சு. ஒரு பேச்சு மற்றொரு பேச்சைக் கேட்டு முழிக்கும், தப்பாகப் புரிந்துகொள்ளும், அதில் சிரிப்பு வரும். யாழ்ப்பாணத் தமிழை நான் முதன்முதலில் அங்கேதான் கேட்டேன். கேட்டபிறகு அந்த ஊர்க்காரர்கள் மேல் பிரியம்தான் வந்தது, ஒருநாளும் இளக்காரம் வரவில்லை.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், உன் நிகழ்ச்சியில் ‘ஏலே’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. சினிமா நம் பேச்சில் இருந்து அந்த ஒரு சொல்லையும் ஒரு அரிவாளையும் எடுத்துக்கொண்டு மீதியை இங்கேயே போட்டுவிட்டது. நீயும் அதையே எடுக்காதே. உன் பாட்டி கண்டக்டரிடம் “அய்யா, பைய எடுக்கேன், கோவப்படாதீரும்” என்று சொன்னாள் பார், அதில் நம் ஊர் முழுக்க இருந்தது. ‘ஏலே’க்குக் கோயம்புத்தூரிலும் சிரிப்பார்கள். ‘எடுக்கேன்’ என்று சொல்கிறவளுக்குக் கோபமும் மரியாதையும் ஒரே மூச்சில் வருவதைக் கேட்க, இங்கே வளர்ந்த காது வேண்டும். உனக்கு இருக்கிறது.

தனியாக நிற்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரியில் எனக்கு ஆங்கிலம் சொல்லித்தந்த பேராசிரியர் ஒருவர், பிரிட்டிஷ் வானொலி நகைச்சுவை ஒலிநாடாக்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவர் வீட்டில்தான் டோனி ஹான்காக்கைக் கேட்டேன். அவருடைய தொடர் 1954இல் பிபிசி வானொலியில் தொடங்கியது. ஒரு நாடகம் முழுக்க ஒன்றுமே நடக்காது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை, வீட்டில் அடைந்து கிடக்கிறார்கள். ஒருவர் பெருமூச்சு விடுவார். நீண்ட மௌனம். இன்னொருவர் பெருமூச்சு விடுவார். வானொலியில் மௌனத்தை வைத்துச் சிரிக்க வைத்த துணிச்சல் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். அதைத் தாங்கியவர்கள் எழுதிக்கொடுத்த ரே கால்டனும் ஆலன் சிம்ப்சனும், கூட நடித்த சிட் ஜேம்ஸும். புகழ் ஏறியபிறகு ஹான்காக் தனியாக நிற்க விரும்பினார். முதலில் சிட் ஜேம்ஸை விட்டார். அதற்குப் பிறகும் 1961இல் அருமையான தொடர் ஒன்று வந்தது, அதை மறைக்கக் கூடாது. அப்புறம் எழுதுகிறவர்களையும் விட்டார். 1968இல் சிட்னியில், வேலை பாதியில் நிற்க, 44 வயதில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். ஒரு மனிதர் சாவுக்கு ஒரே காரணம் சொல்வது தவறு, குடியும் இருந்தது, வேறு துயரங்களும் இருந்தன. ஆனால் அந்தப் பழைய நாடாக்களில் அவரைச் சுற்றி எத்தனை காதுகள் இருந்தன என்பது, கேட்கிற யாருக்கும் தெரியும். அதே நாட்டில் நகைச்சுவை ஜோடியான எரிக் மோர்கமும் எர்னி வைஸும் சிறுவர்களாகச் சேர்ந்து, 1984இல் எரிக் சாகிற வரைக்கும் ஒன்றாகவே நின்றார்கள். எர்னிதான் அங்கே ஆமா போட்டவர்.

கேட்பவருக்குப் பட்டம் கொடுத்த ஊர் நம்முடையது. வண்ணார்பேட்டையில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தைக் கூட்டிய டி.கே.சி.யை ‘ரசிகமணி’ என்று சொல்கிறோம். அவர் எழுதியதைவிட, ஒரு பாட்டைக் கேட்டு அவர் அனுபவித்த விதத்துக்காகத்தான் அந்தப் பெயர். அந்த ஊரில் நின்று பேசுகிறவன் நீ.

உன்னால் செய்ய முடிந்தவை சில சொல்கிறேன். உன் நிகழ்ச்சியைப் படம் எடுக்கிறாய், சரி. வீட்டுக்குப் போனபிறகு படத்தை மூடிவிட்டு ஒலியை மட்டும் கேள். கை, முகம், நடை எதுவும் இல்லாமல் எவ்வளவு நிற்கிறது என்று தெரியும். சிரிப்பு வந்த இடங்களைக் குறிக்காதே, சிரிப்புக்கு முன்னால் எவ்வளவு நேரம் விட்டாய் என்று குறித்துக்கொள். இப்போது நீ நேரமே விடுவதில்லை, சிரித்து முடிப்பதற்குள் அடுத்ததைப் போடுகிறாய். ஒரு கூட்டாளியைத் தேடு. மேடைக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. எழுதியதைப் படித்துக் காட்டும்போது “மெய்யாத்தானா?” என்று கேட்கிற ஒரு ஆள், நீ சொல்வதற்கெல்லாம் சிரிக்காத ஆள்.

அந்தப் பெரியவரிடம் வருகிறேன். வெளியே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்து, சின்னப் பையன், மனதில் வைக்க வேண்டாம் என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “பையன் நல்லாத்தான் சொல்லுதான். அவ்வளவு நேரமா ஒத்தையில நின்னு சொல்லுதானே, ஆமா போட ஒரு ஆளு இல்லையேன்னு இருந்துச்சி. அதான் போட்டேன்.” முப்பது வருஷம் குடம் அடித்தவராம். கடைசி பஸ் பிடிக்கத்தான் எழுந்து வந்தாராம்.

சித்திரையில் எங்கள் ஊர் அம்மன் கொடை. வில்லு உண்டு. வா, சாமக்கொடை வரைக்கும் இரு, மேடைக்குப் பக்கத்தில் குடத்துக்கு நேராக இடம் பிடித்து வைக்கிறேன். அவரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணாச்சி