கடலடிக் கற்கள்

நடுக்கடலின் அடித்தளத்தில் மென்மையான சேறே படிந்திருத்தல் இயல்பு. ஆறுகள் கொணரும் கல்லும் மணலும் பெரும்பாலும் கரையோரத்திலேயே தங்கிவிடும். ஆயினும், வட அட்லாண்டிக் மாகடலின் கீழ்ப்பகுதியில் அடிச்சேற்றைக் குழாயிட்டு எடுத்து ஆராய்ந்த ஹார்ட்முட் ஹைன்ரிக் என்னும் ஜெர்மானிய அறிஞர், அதனிடையே கல்துகள் நிறைந்த அடுக்குகள் விட்டுவிட்டு அமைந்திருத்தலைக் கண்டார். தம் ஆராய்ச்சியை 1988ஆம் ஆண்டில் வெளியிட்டார். அக்கற்களை நெடுந்தொலைவு சுமந்து மிதந்து வந்தது யாது? பனிக்கட்டியே அது.

பனி என்றவுடன் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளி தமிழ் மாணவர்க்கு நினைவு வரும். ஈண்டுக் கூறப்படுவது அதுவன்று. ஏறத்தாழ 21,000 ஆண்டுகட்கு முன், பனியூழியின் உச்சத்தில், இன்றைய கனடா நாட்டின் பெரும்பகுதியை ஒரு பனிப்பாளம் மூடியிருந்தது. அதன் தடிப்பு சில இடங்களில் 3 கிலோமீட்டர். இத்தகைய பாளங்களில் உறைந்து நின்ற நீர் கடலினின்று சென்றதேயாதலின், கடல்மட்டம் இன்றுள்ளதினும் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது.

பனிப்பாளம் அசையாப் பொருளன்று. தன் கனத்தாலேயே மெல்ல நகரும். நகருங்கால் அடிப்பாறையைச் சுரண்டி, அத்துகளைத் தன்னுள் உறையவைத்துக் கொள்ளும். கடலை அடைந்ததும் அதன் விளிம்பு உடைந்து, மிதக்கும் மலைகளாகப் பிரியும். அவை உருகுமிடத்தில் கற்கள் கீழே விழும். அட்லாண்டிக் அடுக்குகளிலுள்ள சுண்ணக்கல் துகள்கள் ஹட்சன் நீரிணைப் பகுதியின் பாறைகளை ஒத்துள்ளன. அடுக்குகளும் மேற்கே தடித்துக் கிழக்கே மெலிகின்றன. எனவே அவை புறப்பட்ட வாயில் அதுவே எனத் துணிந்தனர்.

இனி, கடலின் செயலைக் காண்போம். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான உவர்நீர் வடக்கே சென்று, அங்குக் குளிர்ந்து, கனம் மிகுந்து ஆழத்தில் அமிழ்ந்து, தெற்கே திரும்பும். இவ்வோட்டத்தால் வடபுலம் வெப்பம் பெறுகிறது. பனிமலைகள் உருகிய நீரோ உப்பற்றது; ஆதலின் இலேசானது. அது மேற்பரப்பில் பரவவே, அமிழ்தல் தடைப்பட்டது, ஓட்டம் தளர்ந்தது, வடபுலம் மேலும் குளிர்ந்தது. அதே காலத்தில் அன்டார்க்டிகா மெல்ல வெப்பமுற்றது. அக்காலங்களில் பருவமழை குன்றியமைக்கு அரபிக்கடலின் அடிச்சேறும், சீனக் குகைகளின் சுண்ணப்படிவுகளும் சான்று பகர்கின்றன. கனடாவில் பனி உடைய, ஆசியாவில் மழை பொய்த்தது என்பது கதைபோல் தோன்றினும் உண்மையே.

பாளம் உடைந்ததற்குக் காரணம் யாது? மிகத் தடித்த பனி, நிலத்தின் வெப்பத்தை வெளிவிடாது தேக்குவதால், அடி இளகி வழுக்கியது என்றனர் சிலர். அவ்வாறாயின் கடல் வாளா இருந்து அடிபட்டதாகும். ஆனால், சேற்றின் காலவரிசையைக் கூர்ந்து நோக்கியபோது, பனிமலைகள் வருமுன்னரே ஓட்டம் தளரத் தொடங்கியமை புலனாயிற்று. ஓட்டம் தளர்ந்தால், வெதுநீர் மேற்பரப்பின் கீழே தேங்கும். பனிப்பாளத்தின் மிதக்கும் விளிம்பை அடியிலிருந்து கரைக்கும். மடைக்கதவு போன்ற அவ்விளிம்பு அகன்றதும், பின்னுள்ள பனி விரைந்து கடலுட் பாயும். அதன் நன்னீர் ஓட்டத்தை மேலும் தளர்த்தும். இவ்வாறு கடல் பனியையும், பனி கடலையும் மாறிமாறித் தாக்கின.

மேற்கு அன்டார்க்டிகாவிலுள்ள துவைட்ஸ் பனியாற்றின் விளிம்பையும் கடலின் வெதுநீர் அடியிலிருந்தே கரைத்து வருகிறது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர் அப்பனியைத் துளைத்து, நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்திற்குக் கருவியை இறக்கினர். அங்குள்ள நீர் உறைநிலைக்கு மேல் ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் வெப்பமுடையதாய் இருந்தது.