கிளேவ் இளவரசி

உலகப் புதினங்களுள் காலத்தை வென்று நிற்பன சிலவே. அவற்றுள் ஒன்று, பிரெஞ்சு மொழியில் எழுந்த ‘கிளேவ் இளவரசி’ என்பதாகும். அது 1678ஆம் ஆண்டு பாரிசு நகரில் வெளிவந்தது. நூலின் முகப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. உயர்குடிப் பெண்ணொருத்தி கதை எழுதித் தன் பெயரை வெளியிடுவது அக்காலத்தில் பெருமையாகக் கருதப்படவில்லை. அதனை இயற்றியவர் லா பாயெத் அம்மையார் என்பர் அறிஞர். 1634இல் பிறந்து 1693இல் மறைந்த அவர், பதினான்காம் லூயி மன்னனின் அரசவை வாழ்வை நேரில் கண்டறிந்தவர்.

ஆயினும், கதை நிகழ்வது அவர் காலத்திலன்று. அதற்கு ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன்பு, இரண்டாம் ஹென்றி மன்னனின் அரசவையிலாகும். மன்னனும் அரசியும் பெருமக்கள் பலரும் வரலாற்றில் வாழ்ந்தவர்கள். கதைத் தலைவியோ ஆசிரியரின் கற்பனையிற் பிறந்தவள்.

அவ்வரசவை ஒளி மிக்கது. ஆயின் உண்மை குறைந்தது. அங்கே புன்னகைக்குப் பின்னே பொறாமையும், புகழுரைக்குப் பின்னே சூழ்ச்சியும் மறைந்திருந்தன. பதினாறாம் அகவையில் அங்கு வந்த தலைவி, தாயின் அறிவுரையையே துணையாகக் கொண்டவள். கிளேவ் இளவரசன் அவளைக் கண்டு காதலித்து மணந்தான். அவளோ அவனை மதித்தாள். ஆனால், அவன்பால் காதல் கொண்டாளில்லை.

பின்னர் ஒருநாள் அரண்மனை நடன விருந்தில் நெமூர்க் கோமகனை அவள் கண்டாள். அழகும் ஆற்றலும் வாய்ந்த அவன்பால் அவள் உள்ளம் அவளையும் மீறிச் சென்றது. அவனும் அவளிடம் மனம் பறிகொடுத்தான். இங்கிலாந்து அரசி எலிசபெத்தை மணக்கலாம் என்னும் நம்பிக்கையையும் துறந்தான். மகளின் மன நிலையை உணர்ந்த தாய், சாகும் தறுவாயில் அவளை எச்சரித்தாள்.

தாயை இழந்து தனித்த தலைவி, அரசவையை விட்டு ஒதுங்கி வாழ விரும்பினாள். கணவன் காரணம் கேட்டான். அப்பொழுது அவள் செய்த செயலே இந்நூலின் உயிர்நிலை. தன் உள்ளம் வேறொருவரை நாடுவதையும், அதனை வெல்வதற்கே விலகி நிற்க விழைவதையும் கணவனிடமே எடுத்துரைத்தாள். அவன் பெயரை மட்டும் கூற மறுத்தாள். பொய்யே வழக்கமாகிவிட்ட இடத்தில் ஒரு பெண் மெய்யையே தன் காவலாகக் கொண்டாள்!

அவள் எதிர்பார்த்த அமைதியோ கிட்டவில்லை. மறைந்திருந்து அம்மொழிகளைக் கேட்ட நெமூர், பெயர் சுட்டாமல் அச்செய்தியை நண்பனிடம் கூறினான். அது அரசவையெங்கும் பரவியது. கணவனோ மனைவியின் நேர்மையை வியந்தான். எனினும் ஐயத்தை வெல்லும் ஆற்றல் அவனுக்கு இல்லை. நெமூரைக் கண்காணிக்க ஆள் அனுப்பினான். வந்த செய்தியைத் தவறாக உணர்ந்து, மனம் உடைந்து, நோயுற்று இறந்தான். உண்மையை உரைப்பதற்கு மட்டுமன்று, அதனைக் கேட்பதற்கும் மன உரம் வேண்டும் என்பதை இப்பகுதி தெளிவுறுத்துகின்றது.

இப்பொழுது அவளைத் தடுப்பார் எவருமிலர். நெமூர் மணம் வேண்டி நின்றான். அவளும் தன் காதலை அவனிடம் மறைக்கவில்லை. ஆனால் மணத்திற்கு இசையவில்லை. கணவன் சாவுக்குக் காரணமானவனை மணப்பது கடமைக்கு மாறு என எண்ணினாள். நெமூரின் காதல் நிலையாது என்றும் அஞ்சினாள். ஆண்டின் ஒரு பகுதியைக் கன்னிமாடத்திலும், மறு பகுதியைத் தன் இல்லத்திலும் அறச்செயல்களில் கழித்து, இளமையிலேயே மறைந்தாள்.

நூல் வெளிவந்த ஆண்டிலேயே, ‘மெர்க்கூர் கலான்’ என்னும் இதழ், மனைவி இவ்வாறு கணவனிடம் உரைப்பது தகுமா என வாசகரை வினவியது. பலர் தகாது என்றே எழுதினர். அவ்வினாவுக்கு இன்றும் முடிந்த விடையில்லை. ஒன்று மட்டும் தெளிவு. அவள் கடமையைப் பிறர் அச்சத்தால் காத்தாளல்லள். தடுப்பார் இல்லாத போதும் தன் நெஞ்சையே சான்றாகக் கொண்டு காத்தாள். அதனாலேயே அவள் பெயர் நிலைத்து நிற்கின்றது.